ஒன்று வாங்கினால் ஐந்து டாலர், ஆயிரம் கேட்டால் கிடையாது

கோவையில் என் கல்லூரி நண்பன் ஒருவன் சின்னதாக ஒரு தொழில் நடத்துகிறான். நூற்பாலை இயந்திரம் எத்தனை மணிக்கு ஓடியது, எப்போது நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று குறித்துவைத்து, வைஃபை வழியாக மேனேஜரின் திரைக்கு அனுப்பும் ஒரு பெட்டி. அவ்வளவுதான் அவனுடைய சரக்கு. பெட்டிக்குள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு லினக்ஸ் கணினி இருக்கிறது. சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர் என்கிறோமே, அதுதான். எந்த நிறுவனத்தின் போர்டு என்பது இங்கே முக்கியமில்லை.

2021 கடைசியில் ஒரு ஆலையிலிருந்து நூறு பெட்டிகளுக்கு ஆர்டர் வந்தது. முன்பணமும் வாங்கிவிட்டான். போர்டு கிடைக்கவில்லை. ஒருநாள் இரவு போன் செய்து பொரிந்து தள்ளினான்.

"ஒண்ணு கேட்டா குடுக்கறான், நூறு கேட்டா இல்லேங்கறான். நூறு வாங்கறவனுக்குத்தானேடா விலை கொறைச்சுக் குடுப்பாங்க? இது என்ன கடைடா?"

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. நான் மென்பொருள் எழுதுபவன். போர்டு என்பது என்னைப் பொறுத்தவரை யாரோ வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் போகும் பொருள். அது என்ன விலைக்குச் செய்யப்படுகிறது, யாருக்கு முதலில் போகிறது என்றெல்லாம் யோசித்ததே இல்லை. அன்றிலிருந்து அவ்வப்போது தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த ராஸ்பெரி பையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 2012 பிப்ரவரி 29 அன்று அது விற்பனைக்கு வந்தபோது விலை 35 டாலர். அடுத்து கொஞ்சம் பெரிதாக, 50, 60 டாலர் அளவில் ஒன்று செய்யலாம் என்று எபன் அப்டன் நினைத்திருக்கிறார். 2013-இல் கூகுளின் எரிக் ஷ்மிட்டைச் சந்தித்தபோது, மலிவான பொருளோடு போட்டி போடுவதுதான் எவருக்கும் கஷ்டம், விலையைக் கீழே கொண்டுபோ என்கிற மாதிரி அவர் சொன்னாராம். திரும்பி வந்து திட்டத்தையே மாற்றிவிட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் பை ஸீரோ. 2015 நவம்பர் 26. விலை 5 டாலர். அது போதாதென்று அவர்களுடைய மேக்பை பத்திரிகையின் 40-ஆவது இதழ் அட்டையில் ஒட்டி இலவசமாகவே கொடுத்தார்கள். பத்திரிகையோடு ஷாம்பு பாக்கெட் இலவசமாக வாங்கிய நமக்கே கணினி இலவசம் என்றால் கொஞ்சம் தலை சுற்றத்தான் செய்யும்.

ஐந்து டாலருக்கு எப்படி முடிந்தது? போர்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும். ஈதர்நெட் இல்லை. பெரிய யு.எஸ்.பி. சாக்கெட் இல்லை, மைக்ரோதான். ஹெச்.டி.எம்.ஐ.யும் மினி. ஹெட்போன் துளை கிடையாது. 40 பின்களுக்கு ஓட்டை மட்டும் இருக்கும், பின்களை வேண்டுமானால் நீங்களே பற்றவைத்துக்கொள்ள வேண்டியதுதான். 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம். போர்டு சின்னதானால் ஒரே பலகையில் அதிக எண்ணிக்கை வெட்டி எடுக்கலாம், அதனால் பிசிபி செலவு குறையும்.

சாக்கெட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. என்னைப் போன்றவர்கள் செலவு முழுக்கச் சிப்பில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். சின்னச் சின்னப் பாகங்களை மெஷின் கண்மூடித் திறப்பதற்குள் எடுத்து வைத்துவிடுகிறது. சூட்டு அடுப்புக்குள் போய் வந்தால் ஈயம் உருகிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஓட்டை வழியாகக் கால் நுழைக்கும் பெரிய சாக்கெட்டுகளுக்கு அது சரிப்படாது. தனியாகச் செருகி, உருகிய ஈய அலைமேல் ஓட்ட வேண்டும். கூடுதலாக ஒரு கட்டம், கூடுதல் ஆட்கள், கூடுதல் பழுது. ராஸ்பெரி பை 5 வந்தபோது இந்தச் சாக்கெட்டுகளையும் அதே அடுப்பிலேயே பற்றவைக்கும் முறைக்கு மாறினார்கள் என்றால், அந்த ஒரு கட்டம் எவ்வளவு உறுத்தியிருக்கும் பாருங்கள். ஸீரோவில் அந்தச் சாக்கெட்டுகளே இல்லை!

மீதிப் பாதி விடை சிப்பில். ஸீரோவில் இருப்பது 2012-இன் முதல் பையில் இருந்த அதே பி.சி.எம்.2835. வேகத்தை மட்டும் 1 ஜிகாஹெர்ட்ஸ் ஆக்கினார்கள். 512 எம்.பி. நினைவகம் அந்தச் சிப்பின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும், அதற்கென்று தனி இடமோ நெருக்கமான தடங்களோ தேவையில்லை. புதிய சிப், புதிய மென்பொருள் என்று எதற்கும் புதிதாகச் செலவு செய்யவில்லை. ஏற்கெனவே சம்பாதித்துக் கொடுத்துவிட்ட டிசைன்.

இப்போது நண்பனின் கேள்விக்கு வருகிறேன். ஸீரோ வந்த புதிதில் கடைகளில் ஒரு நிபந்தனை இருந்தது: ஆளுக்கு ஒன்றுதான். இரண்டாவது வேண்டுமென்றால் மறுபடி ஆர்டர், மறுபடி கூரியர் செலவு. பொருட்களுக்குள் பொருத்தி விற்க ஆயிரக்கணக்கில் கேட்டவர்களுக்கு வாசலே திறக்கவில்லை. "5 டாலர் கணினியை வைத்து 40 டாலருக்குப் பொருள் செய்யலாம்" என்று கணக்குப் போட்ட பலருக்கு அங்கேயே கதை முடிந்துவிட்டது.

மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது நமக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். ஆனால் அது ஏன் குறைகிறது? மளிகைக் கடையில் ஒரு கிலோ துவரம்பருப்பின் விலைக்குள் கடைக்காரர், மொத்த வியாபாரி, லாரி, மூட்டை பிரித்துக் கட்டுகிற கூலி எல்லாம் இருக்கின்றன. மூட்டையாக வாங்கினால் அதில் சிலதைக் கழித்துவிடலாம். தள்ளுபடி அங்கிருந்துதான் வருகிறது. ஐந்து டாலர் போர்டில் கழிக்க எதுவும் இல்லை. அடக்க விலைக்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தோல்தான் லாபம். ஆயிரம் வாங்கினாலும் அந்தத் தோலைத்தான் உரிக்க முடியும்.

இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது, எனக்கு இது புரியக் கொஞ்ச நாள் ஆனது. இந்தப் போர்டுகள் வேல்ஸில் பென்கோய்டு என்ற ஊரில் இருக்கும் சோனி ஆலையில் தயாராகின்றன. ஆலையின் ஒரு மணி நேரம் எதைச் செய்தாலும் ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்தில் 35 டாலர் போர்டு செய்தால் கையில் நாலு காசு நிற்கும். 5 டாலர் போர்டு செய்தால் நிற்காது. அப்படியென்றால் ஸீரோவை எவ்வளவு செய்வது? மாணவர்களும் ஆர்வலர்களும் ஒன்றிரண்டாக வாங்கி, பிறகு பெரிய போர்டு பக்கம் வரும் அளவுக்கு. ஒரே ஆள் வந்து பத்தாயிரத்தை அள்ளிக்கொண்டு போனால் அந்த விலை வைத்ததன் நோக்கமே அடிபட்டுப்போகும். ஆக, 5 டாலர் என்பது ஒருவருக்கு ஒன்று கொடுக்கத் தயார் என்ற அறிவிப்பு. ஆயிரம் தருவதற்கான கொட்டேஷன் அல்ல. பட்டியலில் இரண்டும் ஒரே எண்ணாக அச்சாகியிருப்பதால் நாம் ஏமாந்துபோகிறோம்.

சரி, அந்த விலைக்கே எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால்? சொன்னார்கள். கலிஃபோர்னியாவில் நெக்ஸ்ட் திங் என்ற நிறுவனம் 2015 மே மாதம் கிக்ஸ்டார்ட்டரில் 9 டாலர் கணினி ஒன்றை அறிவித்தது. பெயர் சிப். 20 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. அடுத்து பொருட்களுக்குள் பொருத்துவதற்காகவே சிப் ப்ரோ, 16 டாலர். அதன் விளம்பரமே, ஒன்று வாங்கினாலும் பத்து லட்சம் வாங்கினாலும் ஒரே விலை என்பதுதான். செயலியும் 256 எம்.பி. நினைவகமும் ஒரே உறைக்குள் இருக்கும் ஜி.ஆர்.8 என்ற பாகத்தைச் சுற்றி அதைச் செய்திருந்தார்கள். போர்டின் வரைபடங்களையும் திறந்தே வெளியிட்டார்கள். சின்ன நிறுவனங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2018-இல் நிறுவனம் மூடப்பட்டது. வரைபடம் கையில் இருந்தது. ஆனால் வரைபடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்த அந்தப் பாகம் அவர்கள் வழியாக வந்துகொண்டிருந்தது. அதை நம்பிப் பொருள் வடிவமைத்தவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

சின்ன கம்பெனி, அப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிடலாம். இன்டெல் சின்ன கம்பெனியா? எடிசன், கலிலியோ, ஜூல் என்று மூன்று போர்டுகளை வைத்திருந்தார்கள். 2017 கோடையில் மூன்றையும் நிறுத்துவதாக அறிவித்தார்கள். எடிசன் வந்து மூன்று வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஆலையில் ஒரு பெட்டியைப் பொருத்தினால் குறைந்தது ஏழெட்டு வருடம் ஓட வேண்டும், நடுவில் ஒன்று பழுதானால் அதே மாதிரி ஒன்றை மாட்ட வேண்டும். மூன்று வருடம் என்பது இந்தத் தொழிலில் ஒரு கணமே அல்ல.

"அப்ப நாமளே போர்டு டிசைன் பண்ணிட்டா?" என்று நண்பன் கேட்டான். நானும் அதையேதான் நினைத்தேன். பேப்பரில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். எண்கள் உத்தேசம்தான், கணக்கின் போக்குக்காகச் சொல்கிறேன். செயலி, நினைவகம், மின்சாரப் பகுதி என்று எல்லாம் வைத்து ஒரு போர்டு வடிவமைக்க, இரண்டு மூன்று முறை மாதிரி செய்து பிழை திருத்த, டிரைவர் மென்பொருள் சரிசெய்ய, சான்றிதழ் வாங்க எல்லாமாக 20 லட்சம் ரூபாய் என்று வைப்போம். வருடம் 500 பெட்டி விற்பவனுக்கு முதல் வருடத்தில் பெட்டிக்கு 4,000 ரூபாய் இந்தச் செலவே ஏறும். இன்னும் ஒரு பாகம்கூட வாங்கவில்லை. 20,000 பெட்டி விற்பவனுக்கு அதே செலவு பெட்டிக்கு 100 ரூபாய். போர்டு வாங்குவதா, செய்வதா என்ற கேள்விக்கான பதில் பெரும்பாலும் இந்த ஒரு வகுத்தலிலேயே தெரிந்துவிடுகிறது.

அதற்குப் பிறகுதான் பாகங்கள். பாகங்கள் சுருள் சுருளாக வரும், ஒரு சுருளில் ஆயிரக்கணக்கில் இருக்கும். நமக்கு 500 போதும் என்றால் வெட்டிக் கொடுப்பார்கள், விலை ஏறும். பெரிய செயலி நிறுவனங்கள் 500 கேட்பவரிடம் பேசவே மாட்டார்கள். ராஸ்பெரி பையில் இருக்கும் பிராட்காம் சிப்பை நாம் கடையில் போய் வாங்க முடியாது. செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே ஓடும் தடங்கள் எல்லாம் ஒரே நீளத்துக்கு வர வேண்டும், அதனால் போர்டு ஆறு அடுக்கு, எட்டு அடுக்கு என்று போகும். வைஃபை இருந்தால் நம் நாட்டில் டபிள்யூ.பி.சி. அனுமதி வேண்டும். ஏற்கெனவே அனுமதி வாங்கிய வைஃபை மாட்யூலைப் பொருத்தினால் அந்தத் தலைவலி பெரும்பாலும் குறையும். தயார் போர்டில் நாம் கொடுக்கும் காசில் ஒரு பங்கு, இந்தத் தலைவலிகளை வேறு யாரோ பட்டு முடித்ததற்கான கூலி. அப்படிப் பார்த்தால் 35 டாலர் அநியாய மலிவு!

ஆனால் கிடைத்தால்தானே மலிவு. 2021-க்குத் திரும்புவோம்.

கோவிட் ஆரம்பித்த 2020-இல் கார் கம்பெனிகள் பயந்துபோய்ச் சிப் ஆர்டர்களை வெட்டின. அதே நேரத்தில் வீட்டில் அடைபட்ட உலகம் லேப்டாப்பும் டி.வி.யும் வாங்கித் தள்ளியது. கார் கம்பெனிகள் திரும்பி வந்தபோது வரிசையில் இடமில்லை. இங்கே நான் கவனிக்காமல் இருந்த விஷயம் ஒன்று: பஞ்சம் கடுமையாக அடித்தது புத்தம்புது சிப்களில் மட்டுமல்ல, 28, 40 நானோமீட்டர் போன்ற பழைய முறைகளிலும்தான். புதிய முறைகளுக்கு ஆயிரம் கோடிகளில் ஆலை கட்டுகிறார்கள். பழையதற்கு யார் கட்டுவார்? ராஸ்பெரி பையின் போர்டுகள் எல்லாம் அந்தப் பழைய முறைச் சிப்களில்தான் நின்றுகொண்டிருந்தன. பை 4-இல் 28, அதற்கு முந்தையவற்றில் 40. ஸீரோவை மலிவாக்கிய அதே பழைய டிசைன், பஞ்ச காலத்தில் கழுத்தைப் பிடித்தது. சில மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு 52 வாரம் காத்திருக்கச் சொன்ன காலம் அது.

2021 அக்டோபரில் ராஸ்பெரி பை முதல்முறையாக விலை ஏற்றியது. 2 ஜி.பி. பை 4 35 டாலரிலிருந்து 45 டாலருக்குப் போனது. 2022 ஏப்ரலில் அப்டன் நிலைமையை வெளிப்படையாக எழுதினார். மாதம் ஏறக்குறைய ஐந்து லட்சம் போர்டுகள் செய்கிறோம், அதைக் கூட்ட முடியவில்லை, இருப்பதில் இந்தப் போர்டுகளை நம்பித் தொழில் நடத்தும் நிறுவனங்களுக்கு முதலில் கொடுக்கிறோம் என்று. மாணவர்களுக்காகப் பிறந்த பொருளை மாணவர்களுக்குக் கொடுக்காமல் கம்பெனிகளுக்கா என்று நிறையப் பேருக்குக் கோபம். எனக்கும்தான். என் மகனுக்கு ஒன்று வாங்க மூன்று மாதம் அலைந்தேன். ஆனால் நண்பன் பக்கத்திலிருந்து பார்த்தபோது கோபம் அடங்கிவிட்டது. எனக்குக் கிடைக்காவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகும். அவனுக்குக் கிடைக்காவிட்டால் நாலு பேருக்குச் சம்பளம் போட முடியாது.

அந்த ஒதுக்கீடும் தானாக வந்துவிடாது. நாங்கள் இன்ன பொருள் செய்கிறோம், வருடத்துக்கு இத்தனை தேவை என்று முன்கூட்டியே சொல்லி வரிசையில் நின்ற நிறுவனங்களுக்குத்தான் அது பலித்தது. நண்பன் மாதிரி தேவைப்படும்போது இணையக் கடையில் பத்துப் பத்தாக வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கடையின் கண்ணுக்கு என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆசாமிகள்தான். எந்தக் கடையில் இருப்பு இருக்கிறது என்று காட்டுவதற்கென்றே ஆர்பிஐ லொக்கேட்டர் என்று ஒரு தளம் ஓடியது. இருப்பு வந்த சில நிமிடங்களில் காணாமல் போகும், பிறகு இரண்டு மூன்று மடங்கு விலைக்கு வேறு இடத்தில் முளைக்கும். 2022 டிசம்பரில் ஸீரோவின் விலையே 10 டாலர் ஆனது. 2023-இல்தான் கடைகளில் சாவகாசமாக வாங்க முடிந்தது. 2024 ஜூனில் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தபோது வெளியான விவரத்தின்படி, விற்கும் போர்டுகளில் 70 விழுக்காட்டுக்கு மேல் போவது தொழிற்சாலைகளுக்கும் வணிகப் பொருட்களுக்கும்தான். பொம்மை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தபோதே அது லிஃப்டுக்குள்ளும் விளம்பரத் திரைக்குப் பின்னாலும் போய் உட்கார்ந்துவிட்டது.

அந்தப் பஞ்சத்திலும் தட்டுப்படாமல் கிடைத்த ஒன்று உண்டு. அதே நிறுவனத்தின் பிகோ, 4 டாலர். லினக்ஸ் ஓடாது, சாதாரண மைக்ரோகன்ட்ரோலர்தான். அதன் ஆர்.பி.2040 சிப்பும் 40 நானோமீட்டர்தான். ஆனால் பரப்பு சுமார் 2 சதுர மில்லிமீட்டர். ஒரே ஒரு சிலிக்கான் வேஃபரில் 20,000-க்கு மேல் தேறும். ஒரு சின்னக் கட்டு வேஃபர் கிடைத்தாலே லட்சக்கணக்கில் சிப் வந்துவிடும். வேலை லினக்ஸ் கேட்கவில்லை என்றால் பஞ்சத்துக்கு நல்ல மருந்து அது.

வணிகப் பொருள் செய்பவர்களுக்கென்று ராஸ்பெரி பை விற்பது கம்ப்யூட் மாட்யூல். சாக்கெட்டுகள் இல்லாமல் மூளை மட்டும், கீழே உள்ள தாய்ப்பலகையை நாம் நமக்கு வேண்டிய மாதிரி செய்துகொள்ளலாம். தாய்ப்பலகை இரண்டு, நான்கு அடுக்கில் முடிந்துவிடும், நம்மூரிலேயே செய்யலாம். 2020-இல் வந்த கம்ப்யூட் மாட்யூல் 4, 25 டாலரிலிருந்து ஆரம்பித்தது. மெமரி கார்டுக்குப் பதில் போர்டிலேயே பற்றவைத்த இ.எம்.எம்.சி. உள்ள வகையும் உண்டு. திடீர் திடீரென்று மின்சாரம் போகும் ஆலையில் மெமரி கார்டை நம்புவது எவ்வளவு முட்டாள்தனம் என்பதற்கு நண்பனிடம் ஒரு டப்பா நிறைய செத்த கார்டுகள் இருக்கின்றன. விலையைவிட எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு போர்டுக்கும் குறைந்தது இந்த ஆண்டு வரை தயாரிப்போம் என்று எழுதிப் போடுகிறார்களே, அதுதான். பை 5-க்கு 2036 ஜனவரி வரை. நாம் பார்க்க வேண்டிய முதல் எண் அது, டாலர் குறி போட்டது இரண்டாவது.

ஆனால் அந்த வரியிலும் விலையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 2025 கடைசியில் நினைவகச் சிப்களின் விலை பறந்தது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான நினைவகத்தில் லாபம் அதிகம், எனவே ஆலைகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. உலகத்தில் நினைவகம் செய்யும் பெரிய ஆட்களே மூன்று பேர்: சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான். டிசம்பரில் 16 ஜி.பி. பை 5, 120 டாலரிலிருந்து 145 டாலர் ஆனது. கூடவே 1 ஜி.பி. உள்ள பை 5 ஒன்றை 45 டாலருக்கு இறக்கினார்கள். குறைந்த நினைவகத்தில் ஓடும்படி மென்பொருள் எழுதத் தெரிந்தவனுக்கு நூறு டாலர் மிச்சம். பி.இ. படிக்கும்போது 64 கே.பி.க்குள் புரோகிராமை அடக்கச் சொல்லி உயிரை வாங்கிய லேப் சாரை நினைத்துக்கொண்டேன்.

நண்பனின் நூறு பெட்டி என்ன ஆனது? நாற்பது போனது, அதுவும் மூன்று மடங்கு விலைக்குப் போர்டு வாங்கி. மீதி அறுபதுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். இப்போது அவன் பெட்டியில் இரண்டு பலகைகள். இயந்திரத்தின் ஓட்டத்தை எண்ணுவது ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர். வைஃபையும் திரையும் மட்டும் லினக்ஸ் மாட்யூலின் வேலை. தாய்ப்பலகையில் அந்த மாட்யூல் உட்காரும் இடத்தை இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் மாட்யூல்களுக்கும் பொருந்துமாறு செய்திருக்கிறான். பீரோவில் ஆறு மாத இருப்பு. அதில் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு வட்டி கட்டுகிறான், அதையும் பெட்டியின் அடக்க விலையில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டான். போன வாரம் அந்தக் கணக்குத் தாளை எனக்கு அனுப்பி, லினக்ஸ் பகுதியை 512 எம்.பி.க்குள் அடக்க முடியுமா என்று கேட்டிருக்கிறான். பாதி முடித்திருக்கிறேன்.